‘பாரம்’ உறவு, ‘பொறு’ அயல்: ஓர் ஆங்கில வினையின் வேரைத் தேடும் முறை

சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிகளில் மூட்டை இறக்குபவர்கள் ‘பாரம்’ என்று சொல்லும்போதெல்லாம், ஆங்கிலத்தின் மிகப் பழைய வினைகளில் ஒன்றுக்கு உறவான சொல்லைத் தங்களை அறியாமலேயே சொல்கிறார்கள். சுமத்தல், பொறுத்தல், பிள்ளை பெறுதல் ஆகிய பொருள்களைத் தரும் ‘பேர்’ (bear) என்பதே அந்த வினை. ‘பாரம்’ என்பதன் முதலொலியைக் கொண்டுதான் அதையும் ஒலிக்க வேண்டும். வேரைத் தேடும் வழியை இந்த ஒரு வினையைக் கொண்டே பார்க்கலாம்.

முதலில், இன்றைய வடிவத்தை நம்பக் கூடாது. 1884-இல் முதற்பகுதி வெளிவந்து 1928-இல் நிறைவுற்ற ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைப் போன்ற வரலாற்று அகராதியைத் திறந்து, சொல்லின் மிகப் பழைய வடிவத்தையும் அன்றைய பொருளையும் குறித்துக்கொள்ளுங்கள். நம் வினைக்குப் பழைய ஆங்கிலத்தில் ‘பெரன்’ என்ற வடிவம் இருந்தது. கரடியைக் குறிக்கும் சொல்லை இன்று அதே எழுத்துகளால்தான் எழுதுகிறார்கள் என்றாலும், அது தனிச்சொல். எழுத்து ஒன்றாக இருப்பது சான்றாகாது.

அடுத்து, அது ஆங்கிலத்தின் பிறவிச் சொல்லா, இரவல் சொல்லா என்று பிரித்தறிய வேண்டும். இறந்தகாலத்தில் ‘போர்’ என்று உள்ளுயிர் மாறுகிற இத்தகைய வினைகள் பெரும்பாலும், ஆங்கிலமும் ஜெர்மனும் அடங்கிய ஜெர்மானிய மொழிக் குடும்பத்தின் பழஞ்சொத்து. மாறாக, ‘டிரான்ஸ்ஃபர்’, ‘ரெஃபர்’ போன்றவை, ‘சும, கொண்டுசெல்’ என்று பொருள்படும் லத்தீன் ‘ஃபெர்ரே’யிலிருந்து வந்த இரவல்கள்.

இனி, ‘பெரன்’, ‘ஃபெர்ரே’ இரண்டும் உறவா என்பதை ஒலிவிதியால் சோதிக்க வேண்டும். சேலத்தில் கன்னடம் பேசும் குடும்பங்கள் பல உண்டு. அவர்கள் வீட்டில் பால் ‘ஹாலு’, பல் ‘ஹல்லு’, புலி ‘ஹுலி’. தமிழின் முதல் ‘ப’ இருக்கும் இடத்தில் கன்னடத்தில் ‘ஹ’ நிற்பது தற்செயலன்று. சொல்லுக்குச் சொல் திரும்ப வருவதால்தான் அதை விதி என்கிறோம். அதே போல, லத்தீன் ‘ஃபிராத்தெர்’ ஆங்கிலத்தில் ‘பிரதர்’, சமஸ்கிருதத்தில் ‘பிராதா’. ‘ஃபெர்ரே’க்கு நேராகச் சமஸ்கிருதத்தில் ‘பரதி’ (சுமக்கிறான்) நிற்கிறது. 1786-இல் கல்கத்தாவில் மொழியறிஞர் வில்லியம் ஜோன்ஸ் சுட்டிக்காட்டிய இந்த மொழியுறவின் ஜெர்மானியப் பகுதிக்கு 1822-இல் விதி வகுத்தவர் ஜேக்கப் கிரிம். ஆம், தேவதைக் கதைகள் தொகுத்த அதே கிரிம் சகோதரர்களில் மூத்தவர்தான்.

தமிழர்களாகிய நாம் வழுக்கி விழும் இடம் இனிமேல்தான் வருகிறது. ‘பொறு’ என்பதற்குச் சுமத்தல், சகித்தல் என்ற பொருள்கள் உண்டு. ‘பெறு’ என்பது பிள்ளைப் பேற்றையும் குறிக்கும். ஒலியும் பொருளும் இவ்வளவு நெருங்கி வரும்போது ஆங்கில வினை தமிழிலிருந்தே போனது என்று எழுதிவிடக் கை துறுதுறுக்கும். நானும் ஒருகாலத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய அப்படி எழுதியவன்தான். ஆனால் அந்த உறவு உண்மையானால், பால், பல், புலி ஆகியவற்றுக்கு நேராகவும் ஆங்கிலத்தில் அதே முதலொலியுடைய சொற்கள் வரிசையாகக் கிடைக்க வேண்டும், ஒன்றுகூடக் கிடைக்காது. ‘பொறு’வின் உடன்பிறப்பு கன்னட ‘ஹொறு’தான், அது விதிக்கு அப்படியே பொருந்துகிறது. ‘பாரம்’ என்பதோ ‘பரதி’யின் வேரிலிருந்து சமஸ்கிருதம் வழியாகத் தமிழுக்கு வந்த இரவல். ஆக, நமக்கே உரிய சொல் ஆங்கில வினைக்கு அயல். நாம் கடன் வாங்கிய சொல்தான் அதற்கு உறவு.

கடைசியாக, அகராதி தரும் மூல வேரின் முன்னால் நட்சத்திரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். எந்த ஏட்டிலும் கல்வெட்டிலும் கிடைக்காமல், ஒப்பீட்டால் மீட்டமைக்கப்பட்ட வடிவம் அது என்பதற்கே அந்தக் குறி. குறிப்பெடுக்கும்போது அதை விட்டுவிடாமல் எழுதுங்கள். கை பழகுவதற்கு, உடைத்தலைக் குறிக்கும் ‘பிரேக்’ என்ற வினையையும், எலும்பு முறிந்தால் மருத்துவர் சொல்லும் ‘ஃபிராக்சர்’ என்ற சொல்லையும் அருகருகே வைத்து இதே சோதனையைச் செய்து பார்க்கலாம்.