பிறந்த குழந்தையை நெஞ்சோடு சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செங்கோட்டையில் சாரல் தொடங்கிவிட்டால் பிரசவ வார்டில் வேலை கூடிவிடும். ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் காற்று ஜன்னல் இடுக்கில் நுழைந்து கட்டில் வரைக்கும் வரும். போன வாரம் அப்படி ஒரு காலையில், புதிதாக வந்த பயிற்சி நர்ஸ் பிள்ளைகள் இரண்டு பேர் ஒரு குழந்தையை அதன் அம்மாவின் நெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பூத்துவாலையில் சுற்றி, முகம் மட்டும் தெரிய, அம்மாவின் நைட்டிக்கு மேலே. கேஸ் ஷீட்டில் ‘தோலோடு தோல் அணைப்பு கொடுக்கப்பட்டது’ என்று எழுதியும் விட்டார்கள். நடுவில் நாலு அடுக்குத் துணி இருக்கும்போது எந்தத் தோல் எந்தத் தோலைத் தொட்டது?

எனக்குக் கோபம் வந்தது. பதினாறு வருஷத்துக்கு முன்னால் இதே தவறைச் செய்தவள் நான். கை கழுவுவது, நகம் வெட்டுவது எல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். இந்தத் துணி விஷயத்தை மட்டும் விட முடியவில்லை.

துணியில் சுற்றி நெஞ்சில் வைப்பது

அம்மாவின் வயிற்றுக்குள் 37 டிகிரிச் சூட்டில் இருந்த குழந்தை நனைந்த உடம்போடு வெளியே வருகிறது. அந்த ஈரம் காயும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். நமக்குக் குளிரெடுத்தால் உடம்பு நடுங்கிச் சூடு உண்டாக்கும். பிறந்த குழந்தைக்கு அப்படி நடுங்க வராது. கழுத்து, தோள்பட்டைப் பக்கம் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சமாளிக்கும். அந்தக் கொழுப்பு பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் சேர்வது. குறைமாதத்தில் பிறந்ததற்கு அது கொஞ்சம்தான் இருக்கும். எரிக்க எரிக்க ரத்தத்தில் சர்க்கரை இறங்கும், மூச்சு வாங்கும், பால் உறிஞ்சத் தெம்பு போய்விடும்.

துணிக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது. உள்ளே இருக்கிற சூட்டை வெளியே போகவிடாமல் காக்கும், அவ்வளவுதான். குளிர்ந்துபோன குழந்தையைச் சுற்றிவைத்தால் அந்தக் குளிரோடேயே அது கிடக்கும். சூடு அம்மாவின் நெஞ்சில் இருக்கிறது. நடுவில் துணியைப் போட்டு அதை நாமே தடுத்துவிடுகிறோம்.

நான் அந்தத் தவறைச் செய்த அன்றைக்கு என் கையில் இருந்தது 1,900 கிராம் பெண் குழந்தை. ஜூலை மாசம், வெளியே சாரல். பருத்தித் துணி, துவர்த்து, அதற்கு மேல் கம்பளி என்று பொட்டலம் மாதிரி கட்டி அம்மாவின் நெஞ்சில் வைத்தேன். அரை மணி நேரம் கழித்துப் பால் கொடுக்கப் பார்த்தால் குழந்தை வாயைத் திறக்கவில்லை. அசந்து தூங்குகிறது என்று நினைத்தேன். மூத்த சிஸ்டர் வந்து துணியை விலக்கி, புறங்கையை முதலில் வயிற்றில் வைத்தார், அப்புறம் உள்ளங்காலில். இரண்டும் சில்லென்று இருந்தன. தெர்மாமீட்டர் 35.4 காட்டியது. 36.5-லிருந்து 37.5 வரை இருக்க வேண்டியது. அவர் என்னைத் திட்டவில்லை. டாக்டருக்குச் சொல்லியனுப்பிவிட்டு, ஒவ்வொரு துணியாக அவிழ்த்தார். குழந்தைக்கு நாப்பியும் குல்லாவும் காலுறையும் மட்டும். அம்மாவின் நைட்டிக் கொக்கிகளைக் கழற்றி, வெறும் நெஞ்சில் குழந்தையைச் சேர்த்து, கம்பளியை இரண்டு பேருக்கும் சேர்த்து மேலே போர்த்தினார். ஒரு மணி நேரத்தில் 36.6. அப்புறம் பாலும் குடித்தது.

அந்தப் புறங்கைச் சோதனையை வீட்டிலும் செய்யலாம். வயிறு சூடாக இருந்து பாதம் மட்டும் சில்லிட்டிருந்தால் குழந்தை குளிரோடு போராட ஆரம்பித்துவிட்டது. வயிறும் சில்லிட்டிருந்தால் நெஞ்சோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

பாட்டிமார்களுக்குத்தான் இதைச் சொல்லிப் புரியவைக்க நேரமாகும். இங்கத்திய ஆச்சி “பிள்ளைக்குக் குளிரும்லா சிஸ்டர்” என்பார். ஆரியங்காவிலிருந்து வரும் அம்மூம்மா “தணுக்கும்” என்பார். பயம் ஒன்றுதான், நியாயமானதும்கூட. அவர்கள் கையைப் பிடித்துப் போர்வைக்குள்ளே குழந்தையின் முதுகில் வைக்கச் சொல்வேன். தொட்டுப் பார்த்தபிறகு பேச்சே வராது.

இன்னொன்று, தாலிக்கொடி. குழந்தையின் கன்னத்தில் அழுந்தித் தடம் விழும். முதுகுப் பக்கம் தள்ளிவிடுங்கள்.

பத்து நிமிஷம் வைத்துவிட்டு எடுப்பது

ஒரு தடவை வைத்தால் ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். எடுத்து எடுத்து வைத்தால் குழந்தையின் தூக்கமும் கெடும், சூடும் நிலைக்காது. எடை குறைந்த குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னது, ஒரு நாளைக்கு 8-லிருந்து 24 மணி நேரம். முதலில் நிலைமை தேறட்டும், அப்புறம் அம்மாவிடம் கொடுக்கலாம் என்று காத்திருந்த பழைய வழக்கமும் மாறிவிட்டது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா என்று ஐந்து நாடுகளில் 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் அதில் உண்டு. பிறந்த உடனேயே நெஞ்சில் சேர்த்த குழந்தைகளில் இறப்பு நாலில் ஒரு பங்கு குறைந்தது என்று 2021-இல் முடிவு வந்தது.

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறை இருந்தபோது எட்கர் ரேய் என்ற டாக்டர் தொடங்கிவைத்த முறைதான் இன்று கங்காரு பராமரிப்பு.

உடனே குளிப்பாட்டுவது

முதல் 24 மணி நேரம் குளிப்பாட்ட வேண்டாம். துடைத்தால் போதும்.

சொந்தக்காரர்களுக்குக் காட்டத் தூக்கிக்கொண்டு போவது

நிறைமாதத்தில் நன்றாகப் பிறந்த குழந்தைக்கும் முதல் ஒரு மணி நேரம் அம்மாவின் நெஞ்சுதான் இடம். எடை பார்ப்பதும் வராந்தாவில் நிற்பவர்களுக்குக் காட்டுவதும் அப்புறம் ஆகட்டும். விட்டுவிட்டால் குழந்தை தானாகவே ஊர்ந்து காம்பைத் தேடும். முதலில் கையை நக்கும், தலையைத் தூக்கித் தூக்கிப் போடும். நாம் தலையைப் பிடித்து அழுத்தக் கூடாது. சீம்பால் அந்த நேரத்திலேயே உள்ளே போய்விடும்.

மூக்கைக் கவனிக்காமல் விடுவது

குழந்தையின் தாடை அதன் நெஞ்சிலேயே முட்டினால் மூச்சுக்குழல் மடங்கும். தலை ஒரு பக்கம் திரும்பி, லேசாக நிமிர்ந்து, மூக்கும் வாயும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கால்கள் தவளைக்கால் மாதிரி மடங்கி இருக்கட்டும். குழந்தையை அம்மாவோடு சேர்த்து வெளியே கட்டும் துணியின் மேல் விளிம்பு காதுக்குக் கீழே வரட்டும், வயிற்றுப் பக்கம் தளர்வாக விடுங்கள், குழந்தை வயிற்றால்தான் மூச்சு விடுகிறது. அம்மா கொஞ்சம் சாய்ந்து உட்காரட்டும். மயக்க மருந்தின் அசதி இருந்தால் பக்கத்தில் ஆள் வேண்டும்.

நெஞ்சில் குழந்தை, கையில் செல்போன்

வேண்டாம்.

அப்பாவை வெளியே நிறுத்துவது

சிசேரியன் முடிந்து அம்மா வர நேரமானால் குழந்தை சூடு தரும் வார்மர் கருவியில்தான் கிடக்க வேண்டும் என்று இல்லை. புளியரைப் பக்கத்துத் தம்பி ஒருவர், ரப்பர் வெட்டப் போகிறவர், சட்டையைக் கழற்றச் சொன்னதும் கூச்சப்பட்டார். ஸ்கிரீனை இழுத்துவிட்டு, சாய்வு நாற்காலியில் உட்காரவைத்துக் குழந்தையை வைத்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையையும் தூக்கியே வைத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு கை தானாக இறங்கிக் குழந்தையின் முதுகை மூடிக்கொண்டது. அப்புறம் அம்மா வந்து கேட்கும் வரைக்கும் தரவில்லை.

எப்போது நிறுத்துவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டரைக் கிலோ நெருங்கும்போது குழந்தை துணிக்குள் நெளியும், கையை வெளியே இழுக்கும், கட்டினால் அழும். அதுவரைக்கும் வைத்திருங்கள்.