பெல்லோஸைக் கழற்றுவதற்கு முன்னால் நெகட்டிவின் ஓரத்தைப் பாருங்கள்

தனித்தனி ஃபிலிம் தாள் போடும் பெரிய கேமராவில் எடுத்த 4×5 அங்குல நெகட்டிவில் காரணமில்லாமல் கறுப்புத் திட்டு விழுந்தால், உடனே புது பெல்லோஸுக்கு (லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் இருக்கும் துருத்தி மடிப்புக்கு) விலை விசாரிக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது ஃபிலிமின் ஓரம். ஹோல்டரின், அதாவது ஃபிலிம் தாளை வைத்துக் கேமராவில் செருகும் தட்டைச் சட்டத்தின், பட்டிக்கு அடியில் மறைந்திருக்கும் அந்தக் குறுகிய விளிம்பு தெளிவாக இருந்து, படத்துக்குள் மட்டும் கறுப்பு ஏறியிருந்தால் கேமராவில் வெளிச்சம் கசியும் ஓட்டை. விளிம்பும் சேர்ந்து கறுத்திருந்தால் பெரும்பாலும் ஹோல்டர்தான்.

ஹோல்டரைச் சோதிக்க ஃபிலிமை வீணாக்க வேண்டாம். பிரிண்ட் போடும் பேப்பரை வெட்டி இரண்டு பக்கமும் போட்டு, வெயிலில் எல்லா முனையும் காயும்படி திருப்பித் திருப்பி வையுங்கள். வெளிச்சத்துக்குப் பேப்பர் மந்தம், அரைமணி நேரமாவது வேண்டும். டெவலப்பரில் கழுவினால் கசிவு கறுப்புக் கோடாக வரும். ஸ்லைடு (ஃபிலிமை மூடியிருக்கும், உருவி எடுக்கும் தகடு) நுழையும் வாயில் வந்தால் உள்ளே இருக்கும் வெல்வெட் தேய்ந்திருக்கிறது. எதிர் முனையில் வந்தால் மடிப்பு மூடியின் துணி நாடா விட்டிருக்கிறது. ஹோல்டர்களுக்கு எண் எழுதாதவர்களுக்கு இந்தச் சோதனையே பயன்படாது.

பெல்லோஸுக்கு முழு இருட்டு வேண்டும். கிருஷ்ணகிரியில் ராத்திரி கரண்ட் போனால் நான் சந்தோஷப்படும் ஒரே வேலை இது. லென்ஸை மூடி, பெல்லோஸை முழுக்க இழுத்து, சின்ன எல்இடி டார்ச்சைப் பின்பக்கமாக உள்ளே விட்டு, மணிக்கட்டைச் சுற்றிக் கறுப்புத் துணியைக் கட்டுங்கள். பத்து நிமிஷம் கண் பழகட்டும். நேராகப் பார்த்தால் தெரியாத ஓட்டை சாய்த்துப் பார்த்தால் மின்னும், அதுவும் மடிப்பின் மூலைகளில். சாக்பீஸால் குறி போடுங்கள். லென்ஸைத் தாங்கும் பலகையான லென்ஸ் போர்டைச் சுற்றி வெளிச்சக் கோடு தெரிந்தால் பள்ளத்தில் கறுப்பு உல்லன் நூல் போதும்.

ஊசி ஓட்டைக்குக் கறுப்பு ஃபேப்ரிக் கலரில் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து வெளியிலிருந்து மெல்லிசாக இரண்டு பூச்சு. மூலையே கிழிந்திருந்தால் குடைத்துணித் துண்டை சைக்கிள் பஞ்சர் சொல்யூஷனால் ஒட்டி, அதன் மேல் அதே கலவை. இன்சுலேஷன் டேப் மட்டும் வேண்டாம். நம் சித்திரை வெயிலில் பசை உருகி மடிப்போடு மடிப்பு ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் இழுத்தபடியே காயவிட்டு, மடிக்கும் முன் பவுடர் தூவுங்கள்.

ஷட்டர் 1/60 வினாடி என்றாலும் கசிவுக்கு அந்தக் கணக்கு கிடையாது. ஸ்லைடு வெளியே இருக்கும் நேரம் முழுக்க அது வேலை செய்யும். கேஆர்பி அணைக் கரையில் காற்று அடங்கக் காத்திருக்கும்போது இரண்டு மூன்று நிமிஷம் சாதாரணமாகப் போய்விடும். அதனால் ஃபோகஸ் துணியை பெல்லோஸ் மேல் போட்டுவிட்டு, காற்று நின்ற பிறகே ஸ்லைடை உருவுங்கள். உருவும்போது இன்னொரு கையால் ஹோல்டரை அழுத்திப் பிடியுங்கள். பழைய கேமராவில் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஸ்லைடோடு ஹோல்டரும் ஒரு நூல் அளவு விலகும்.