மார்பக ஆபரேஷனுக்குப் பிறகு கை வீங்கினால்: நிணநீர் மசாஜ் செய்வது எப்படி

மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனில் அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் (நெறிகள்) எடுத்திருந்தால் அந்தப் பக்கக் கையில் நிணநீர், அதாவது திசுக்களிலிருந்து தனிக் குழாய்கள் வழியே ரத்தத்துக்குத் திரும்பும் நீர், தேங்கி வீங்கலாம், சிலருக்கு சில மாதங்களில், சிலருக்கு வருடங்கள் கழித்துக்கூட. வீட்டில் உடனே நல்லெண்ணெயைச் சூடாக்கி அழுத்தி நீவிவிடக் கிளம்புவார்கள். தயவுசெய்து வேண்டாம். நுண்ணிய நிணநீர்க் குழாய்கள் தோலுக்குச் சற்றுக் கீழேயே இருக்கின்றன, அழுத்தினால் நசுங்கும். தோல் லேசாக இழுபட்டு, விட்டதும் தானாகத் திரும்பினால் போதும். எண்ணெய் போட்டால் விரல் வழுக்கிக்கொண்டு போகும், தோல் இழுபடாது. 1930களில் டென்மார்க்கின் வோடர் தம்பதி உருவாக்கிய முறையிலிருந்தே இந்த மென்மை வருகிறது.

தையல் ஆறி, காயத்தில் சேரும் நீரை வெளியேற்ற வைத்த டிரெயின் குழாயை எடுத்து, டாக்டர் சரி என்ற பிறகுதான் தொடங்க வேண்டும். முதல் தடவை பிசியோதெரபிஸ்ட் கையால் செய்துகாட்டச் சொல்லுங்கள், எவ்வளவு லேசு என்பது படித்தால் புரியாது.

வீங்கிய இடத்தில் ஆரம்பிக்கக் கூடாது. கடைமடை அடைத்திருக்கும்போது மேலே தண்ணீரைத் தள்ளி என்ன பயன்? முதலில் வயிறு உப்பி இறங்க நிதானமாக ஐந்தாறு மூச்சு. அப்புறம் காறை எலும்புக்கு மேலே உள்ள குழிகளில் விரல்களைத் தட்டையாக வைத்து மெதுவாகத் தோலை நகர்த்துங்கள், நிணநீர் கடைசியில் ரத்தத்தில் சேர்வது அந்தப் பக்கம்தான். அடுத்து ஆபரேஷன் ஆகாத பக்கத்து அக்குள். பிறகு மார்பின் மேல்பகுதியில், ஆபரேஷன் ஆன பக்கத்திலிருந்து அந்த நல்ல அக்குளை நோக்கி, தழும்பைத் தொடாமல். இதெல்லாம் முடிந்த பிறகே கை. அதிலும் முதலில் மேல்கையை உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக, தோளை நோக்கி; பின் முழங்கைக்குக் கீழே, கடைசியாக விரல்கள். கையின் எந்தப் பகுதியானாலும் தள்ளுவது தோளை நோக்கியே. தோல் சிவந்தால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம்.

கை சிவந்து சூடாகி காய்ச்சல் வந்தால் அது தொற்று, மசாஜை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். திடீரென்று வலியோடு வீங்கினாலும் அப்படித்தான், ரத்தக்கட்டாக இருக்கலாம். இதயம் பலவீனமானவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்யவே கூடாது.

வீக்கம் ஏற்கெனவே இருந்தால் மசாஜ் மட்டும் போதாது, கையில் இறுக்கமாக மாட்டும் அழுத்த உறையும் கைக்கான பயிற்சியும் வேண்டும். உறையைக் கை அளவெடுத்துத்தான் வாங்க வேண்டும். மணிக்கட்டில் இறுகி விரல்கள் வீங்கினாலோ மரத்துப்போனாலோ கழற்றிவிட்டு அளவெடுத்தவரிடமே காட்டுங்கள்.