மங்கிப்போன பிக்கப் லைட்டு: பல்பை மாற்றும் முன் வயரைப் பாருங்கள்

ராத்திரி கம்பம் ஊரில் காய்கறி லோடு ஏற்றி, லோயர் கேம்ப் தாண்டிக் கேரள எல்லையில் உள்ள குமுளி மலை ஏறும் பழைய பிக்கப் டிரைவர்களிடம் கேட்டால் ஒரே குறையைத்தான் சொல்வார்கள்: "லைட்டு மஞ்சளா எரியுது, வளைவுல ஒண்ணும் தெரியல." கடையில் கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: 100/90 வாட் பல்பு போடு, இல்லாவிட்டால் எல்இடி போடு. இரண்டுமே கால் வலிக்குத் தலையில் தைலம் தேய்க்கிற கதை. பத்துப் பதினைந்து வருடம் ஓடிய வண்டியில் வெளிச்சம் குறைவதற்குப் பல்பு காரணமாக இருப்பது அபூர்வம். பேட்டரியில் இருக்கும் வோல்ட் பல்பு வரைக்கும் போய்ச் சேர்வதில்லை.

கணக்கைப் பாருங்கள். நம் ஊர்ப் பழைய பிக்கப், ஜீப்புகளில் அதிகம் இருப்பது எச்4 பல்பு: பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். பல்பின் வெளிச்சத்தை அளந்து சொல்வது 13.2 வோல்ட்டில். ஹாலஜன் பல்பின் குணம் என்னவென்றால், வோல்ட் கொஞ்சம் குறைந்தால் வெளிச்சம் நிறையக் குறையும். 12 வோல்ட் கிடைத்தால் முக்கால் பங்குக்கும் சற்றுக் கீழே. 11 வோல்ட் என்றால் ஏறக்குறைய பாதி. அதாவது வழியில் 2 வோல்ட்டைத் தொலைத்துவிட்ட வண்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிற மாதிரி. அந்த 2 வோல்ட் எங்கே போகிறது? பேட்டரியிலிருந்து சாவி, ஸ்டீரிங்கில் உள்ள லைட் சுவிட்ச், டிம்-பிரைட் சுவிட்ச், நாலைந்து கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளக்) எல்லாம் சுற்றி மெல்லிய வயரில் வருகிறது கரண்ட். இரண்டு பல்பும் சேர்ந்து 10, 11 ஆம்பியர் இழுக்கும். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 10 ஆம்பியர் 5 மீட்டர் ஓடினாலே முக்கால் வோல்ட்டுக்கு மேல் போய்விடும். அதோடு கருத்துப்போன சுவிட்ச் முனை, பச்சை பூத்த கப்ளர், துருவேறிய எர்த் போல்ட் எல்லாம் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

முதலில் அளந்து பாருங்கள்

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். 20 வோல்ட் டிசியில் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினை ஓடவிட்டு ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதித்து, லைட்டையும் போட்டு, பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். 13.5-க்குக் கீழே என்றால் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது ஆல்டர்னேட்டரில் (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோ) கார்பன், ரெகுலேட்டர் ஏதோ ஒன்று கோளாறு. அதைச் சரிசெய்யாமல் மேலே போவதில் பயனில்லை. 14.8-க்கு மேல் காட்டினாலும் ரெகுலேட்டரைத்தான் பார்க்க வேண்டும். அந்த வண்டியில் பல்பு மாதம் ஒன்று போய்க்கொண்டிருக்கும்.

அடுத்தது பல்பு ஹோல்டர். இங்கே நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஹோல்டரைக் கழற்றி வெறும் ஹோல்டரில் அளந்தால் மீட்டர் நல்ல வோல்ட்தான் காட்டும். கரண்ட் ஓடாதபோது வயர் எதையும் தின்னாது. பல்பு மாட்டி, எரிந்துகொண்டிருக்கும்போது ஹோல்டரின் பின்பக்கம் வழியாக ஊசி முனையைச் செருகி அளக்க வேண்டும். மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும், கருப்பு முனையை ஹோல்டரில் டிம் வயர் முனையிலும் வையுங்கள். காட்டுவதுதான் பிளஸ் பக்கம் தொலைந்துபோகும் வோல்ட். பிறகு ஹோல்டரின் எர்த் முனைக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே அதேபோல. ஒவ்வொரு பக்கமும் 0.3-க்குள் இருந்தால் வயரில் குறை இல்லை. லென்ஸ், டூம் (பல்பைச் சுற்றி வெளிச்சத்தை முன்னால் திருப்பும் வெள்ளிக் கிண்ணம்), அலைன்மென்ட் (லைட் அடிக்கும் திசை) பக்கம் தேடுங்கள். 0.5-ஐத் தாண்டினால் ரிலே (சின்னக் கரண்டில் இழுபட்டுப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) போடுவது பலன் தரும்.

எர்த் பக்கம் மட்டும் அதிகம் காட்டினால் வேலை சுலபம். ரேடியேட்டர் சப்போர்ட்டில் இருக்கும் எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட் போய் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது லக் (வயர் நுனியில் அழுத்தும் உலோக முனை) அழுத்தி, வாசலின் தடவி முடுக்குங்கள். பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கு வரும் பட்டை வயரையும் மறக்க வேண்டாம். மழைக்காலத்தில் குமுளி, வண்டிப்பெரியாறு பக்கம் தினமும் போய்வரும் வண்டிகளில் அது உள்ளுக்குள் பச்சையாக அரித்திருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது.

ரிலே வயரிங்

ரிலேயின் சூட்சுமம் எளிது. பழைய சுவிட்ச் வழியாக வரும் கரண்ட் இனி பல்பை எரிக்கப்போவதில்லை. ரிலேயை இழுக்க மட்டும்தான். அதற்கு ஒரு ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குகூட வேண்டாம். பல்புக்கு வேண்டிய கரண்ட் பேட்டரியிலிருந்து தடித்த வயரில் நேராகப் போகும். வெளிச்சம் கூடுவதோடு, ஸ்டீரிங் சுவிட்ச் சூடேறி உருகுகிற தொல்லையும் நின்றுவிடும்.

வேண்டிய சாமான்: 12 வோல்ட் 30 அல்லது 40 ஆம்பியர் ரிலே 2, ரிலே சாக்கெட் 2, பிளேடு ஃபியூஸ் ஹோல்டர் 2, நீல நிற 15 ஆம்பியர் ஃபியூஸ் 2 (ஸ்பேருக்கு இன்னும் இரண்டு), எச்4 பீங்கான் ஹோல்டர் 2, 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் 8 முதல் 10 மீட்டர், 1 சதுர மில்லிமீட்டர் வயர் 3 மீட்டர், லக், ஸ்லீவ், வயரை மூடும் நெளிவுக் குழாய். ரெடிமேட் ரிலே செட்டும் கிடைக்கிறது. வாங்கினால் ஒரு முனையைச் சீவிப் பாருங்கள். ரப்பர் தடியாகவும் உள்ளே செம்பு நூல் மாதிரியும் இருக்கும் செட் ஏராளம். பிளேடால் இழையைச் சுரண்டும்போது வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். ரிலேக்களைப் பேட்டரிக்குப் பக்கத்தில், முனைகள் கீழே பார்க்கும்படி, தண்ணீர் தெறிக்காத இடத்தில் ஸ்க்ரூ போட்டு நிறுத்துங்கள். ஒவ்வொரு ரிலேயிலும் 30, 85, 86, 87 என்று எண் போட்டிருக்கும்.

30: பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வர வேண்டும். ஃபியூஸுக்கு முன்னால் உள்ள வயர் பாடியில் உரசினால் காக்க ஒன்றுமில்லை, வண்டியே பற்றிக்கொள்ளும். டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனி ஃபியூஸ் போடச் சொல்வதும் சும்மா இல்லை. ஒரே ஃபியூஸில் இரண்டையும் கட்டி, அது கொண்டை ஊசி வளைவில் போனால் இரண்டு லைட்டும் ஒரே நொடியில் அணையும்.

87: இங்கிருந்து இரண்டு பக்க ஹோல்டருக்கும். ஒரு ரிலே டிம்முக்கு, இன்னொன்று பிரைட்டுக்கு. ஐந்து முனை ரிலே கிடைத்தால் நடுவில் இருக்கும் 87ஏ முனையைத் தொடவே வேண்டாம். அதில் வயர் போட்டால் சுவிட்ச் அணைத்திருக்கும்போது லைட் எரியும்.

86: ஒரு பக்கத்துப் பழைய ஹோல்டரிலிருந்து வரும் டிம் வயரை ஒரு ரிலேக்கும், பிரைட் வயரை இன்னொன்றுக்கும். இதற்கு 1 சதுர மில்லிமீட்டர் வயர் போதும். மறுபக்கத்துப் பழைய ஹோல்டரை டேப் சுற்றிக் கட்டிவிடுங்கள், வெட்ட வேண்டாம். வழியில் ரிலே போனால் பழையபடி மாட்டிக்கொண்டு வீடு வந்து சேரலாம்.

85: இரண்டும் எர்த்.

புது ஹோல்டர்களின் எர்த் வயரையும் 2.5-ல் இழுத்துப் பேட்டரி மைனஸுக்கே கொண்டுவருவது நல்லது. பிளஸ் பக்கம் தடித்த வயர் போட்டுவிட்டு எர்த்தைப் பழைய போல்ட்டில் விட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

எந்த வயர் டிம், எந்த வயர் பிரைட் என்பதை நிறத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். பதினைந்து வருட வண்டியில் எத்தனை கை பட்டிருக்குமோ. பேட்டரியை மறுபடி இணைத்து, டெஸ்ட் லேம்ப்பின் கிளிப்பைப் பேட்டரி மைனஸில் மாட்டி, பழைய ஹோல்டரின் மூன்று முனையையும் தொட்டுப் பாருங்கள். டிம் போட்டால் ஒரு முனை, பிரைட் போட்டால் வேறு முனை எரிய வேண்டும். ஒரே முனை இரண்டிலும் எரிந்துகொண்டே இருந்தால், அந்த வண்டியில் சுவிட்ச் எர்த் பக்கம் வேலை செய்கிறது. அப்போது எப்போதும் எரியும் அந்த முனையை இரண்டு ரிலேயின் 86-க்கும் கொடுத்து, மற்ற இரண்டையும் ஆளுக்கொரு 85-க்குக் கொடுங்கள். இது தெரியாமல் சாதாரண முறையில் கட்டிவிட்டு, "ரிலே டூப்ளிகேட்" என்று கடைக்காரரோடு சண்டை போடுவது நடக்கிற கதை.

பிரைட் போடும்போது டிம்மும் சேர்ந்து எரியட்டும் என்று இரண்டையும் இணைத்துவிடுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. ஒரு பல்புக்குள் 115 வாட் எரிந்தால் டூம் பொரிந்துவிடும். வேண்டாம்.

பல்பு, எல்இடி

வயர் சரியான பிறகு நல்ல கம்பெனியின் சாதாரண 60/55 பல்பு ஒரு ஜோடி போட்டுப் பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடம் அளவுக்கு மீறிச் சூடேறிப் பல்பு சீக்கிரம் போகும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். பல்பின் தட்டில் இருக்கும் மூன்று காதும் ஒரே ஒரு விதமாகத்தான் உட்காரும். உட்காரவில்லை என்று காதை ராவுகிறவர்கள் இருக்கிறார்கள். அதோடு ஃபோக்கஸ் போயிற்று. பின்னால் வரும் ரப்பர் மூடியை ஒழுங்காக மாட்டுங்கள். அது கிழிந்திருந்தால் ஒரு தென்மேற்குப் பருவமழைக்கே டூம் உள்ளே துரு ஏறும்.

100/90 பல்பு 60/55-க்கான டூமையும் ஹோல்டரையும் வேகவைக்கும். சாலைக்கு அனுமதியும் இல்லை. நீல நிறப் பூச்சுள்ள பல்பு வெள்ளையாகத் தோன்றும், ஆனால் பூச்சு வெளிச்சத்தில் ஒரு பகுதியைத் தடுத்துவிடும். மழையிலும் மூடுபனியிலும் மஞ்சள் சாய்ந்த ஹாலஜனே கண்ணுக்கு இதம்.

எல்இடி கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். எச்4 டூம் முழுவதும், மெல்லிய இழை இருக்கும் அந்த ஒரே இடத்தைக் கணக்கில் வைத்துச் செய்தது. டிம் இழைக்குக் கீழே ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். மேலே போகவேண்டாத வெளிச்சத்தை அதுதான் தடுக்கிறது. எல்இடியில் ஒளி வருவது இரண்டு பக்கத் தட்டிலிருந்து. வண்டிக்கு முன்னால் பத்தடி பளிச்சென்று தெரியும், டிரைவர் சந்தோஷப்படுவார். தூரத்தில் தேவைப்படும் இடம் இருட்டு, எதிரே வருகிறவருக்குக் கண் கூசும். எல்லை தாண்டினால் கேரள மோட்டார் வாகனத் துறை கண் கூசவைக்கும் லைட்டுக்கு அபராதம் போடுவதும் புதிதல்ல.

லென்ஸும் டூமும்

கண்ணாடி லென்ஸில் கல் தெறித்துப் புள்ளி விழுந்திருந்தால் தேய்த்துப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான். பிளாஸ்டிக் லென்ஸ் மஞ்சளாகியிருந்தால் சுற்றிலும் டேப் ஒட்டி, தண்ணீர் விட்டுக்கொண்டே 1000, 2000, 3000 நம்பர் தாள் என்ற வரிசையில் தேய்த்து, காம்பவுண்ட் போட்டு மெருகேற்றுங்கள். பற்பசை வைத்தியம் இரண்டு மாதம் தாங்கினால் அதிகம். தேய்க்கும்போது கம்பெனிப் பூச்சும் போய்விடுவதால், வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் கிளியர் கோட் அடித்தே ஆக வேண்டும். ஆடிக்காற்றில் கம்பத்தில் வெட்டவெளியில் அடித்தால் மண் ஒட்டும். குமுளி ஈரத்தில் அடித்தால் வெள்ளை பூக்கும். மூடிய ஷெட்டில், காய்ந்த நாளில் செய்யுங்கள்.

உள்ளே டூம் வெள்ளி மங்கியிருந்தால் துணி போட்டுத் துடைக்கவே கூடாது. அது மிக மெல்லிய அலுமினியப் படலம். துடைத்த இடம் கருப்பாகிவிடும். புது டூம் வாங்கும்போது டிம் வெளிச்சம் இடது பக்கம் ஏறும்படி செய்ததா என்று கேளுங்கள். வலது பக்கம் ஓட்டும் நாடுகளுக்கான டூம் மாட்டினால் எதிரே வருகிறவர் கண்ணில்தான் அடிக்கும்.

லோடோடு அலைன்மென்ட்

பிக்கப்பில் இதுதான் காரைவிட வேறுபடும் இடம். பின்னால் இருப்பது பட்டை ஸ்பிரிங். லோடு ஏற்றினால் பின்பக்கம் 6 சென்டிமீட்டர் இறங்கட்டும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே சுமார் 3 மீட்டர் என்றால் வண்டி நூற்றுக்கு இரண்டு வீதம் மூக்கைத் தூக்கிவிடும். 50 மீட்டரில் வெளிச்சம் 1 மீட்டர் மேலே. காலி வண்டியில் கச்சிதமாக வைத்த லைட், லோடு ஏற்றியதும் மரக்கிளையைக் காட்டும்.

அதனால் ராத்திரியில் வழக்கமாக எவ்வளவு ஏற்றுகிறீர்களோ அதை ஏற்றிக்கொண்டு, டயர் காற்றைச் சரிபார்த்து, டிரைவர் உட்கார்ந்தபடி, சமதரையில் சுவரை ஒட்டி நிறுத்துங்கள். இரண்டு லைட்டின் நடுப்புள்ளியையும் சாக்பீஸால் சுவரில் குறித்துவிட்டு நேராக 5 மீட்டர் பின்னால் எடுங்கள். டிம் போட்டு ஒரு லைட்டை அட்டையால் மறைத்து, மற்றதைச் சரிசெய்யுங்கள். வெளிச்சத்தின் மேல்கோடு குறிக்குக் கீழே 5 முதல் 7 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும்; கோடு இடது பக்கம் சரிந்து ஏறத் தொடங்கும் இடம் நடுப்புள்ளிக்கு நேர் கீழே வர வேண்டும். எச்4-ல் டிம்மைச் சரிசெய்தால் பிரைட் தானாகச் சரியாகும். காலியாகத் திரும்பும்போது வெளிச்சம் கொஞ்சம் கிட்டே விழும். டேஷ்போர்டில் லைட்டை ஏற்றி இறக்கும் திருகு இருந்தால் அதற்குத்தான் அது.

போடிமெட்டு மாதிரிக் கொண்டை ஊசிகளில் வளைவின் உட்பக்கம் தெரியவில்லை என்பதற்கு ஹெட்லைட்டில் மருந்து கிடையாது. அது நேராகத்தான் அடிக்கும். பம்பரில் தாழ்வாக, தனி ரிலேயோடு, அகலமாக விரியும் மஞ்சள் ஃபாக் லேம்ப் ஒரு ஜோடி போடலாம். மூடுபனியில் பிரைட் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

வேலை முடிந்ததும் அதே இடங்களில் மறுபடி அளந்து பாருங்கள். பேட்டரிக்கும் ஹோல்டருக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் வந்திருக்க வேண்டும். அரை மணி நேரம் லைட் எரிந்த பிறகு ஃபியூஸ் ஹோல்டரையும் ரிலே சாக்கெட்டையும் கையால் தொடுங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் அங்கே ஒரு லக் சரியாக அழுந்தவில்லை. வெட்டிவிட்டுப் புதிது போடுங்கள்.