ஸ்விட்சில் ஏ, பி குழப்பமா? இடம் மாற்றிவிடுங்கள்

பிளேஸ்டேஷனோ எக்ஸ்பாக்ஸோ ஆடிப் பழகிவிட்டு நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் கருவி வாங்கியவர்கள், முதல் வேலையாக சிஸ்டம் செட்டிங்ஸில் ‘கண்ட்ரோலர்ஸ் அண்ட் சென்சர்ஸ்’ போய், ‘சேஞ்ச் பட்டன் மேப்பிங்’கில் ஏ பட்டனையும் பி பட்டனையும் இடம் மாற்றிவிடுங்கள். வேறு கண்ட்ரோலர் தேடி கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் பஸ் ஏற வேண்டாம்.

மற்ற இரண்டிலும் ‘சரி’ என்பதற்குக் கீழ்ப் பட்டனைத்தான் அழுத்துவோம். நின்டெண்டோவில் ‘சரி’க்கான ஏ வலப்பக்கம் இருக்கிறது, கீழே இருக்கும் பி-யோ ‘பின்னால் போ’, அதனால் கட்டைவிரல் பழக்கதோஷத்தில் கீழே போக, திறந்த மெனு மூடிக்கொண்டே இருக்கும். 2020-இல் வந்த 10.0 அப்டேட்டிலிருந்து இந்த வசதி உண்டு, காசில்லை.

ஆனால் திரையில் காட்டும் எழுத்து மாறாது. ‘ஏ-வை அழுத்து’ என்று அவசரப்படுத்தும் கேம்களில் இது இன்னும் குழப்பும், அந்த கேமுக்குள்ளேயே பட்டன் மாற்றும் வழி இருந்தால் அதுவே மேல். அப்புறம், லீவுக்கு மன்னார்குடியிலிருந்து வரும் அத்தைப் பிள்ளைகள் ஸ்விட்சிலேயே பழகியவர்கள் என்றால், அவர்கள் கையில் கொடுக்கும் முன் பழையபடி வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் சண்டைதான்.