விசித்திர விமானங்களைச் சந்தேகிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1942 நவம்பர் 23 அன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வி-173 என்ற விமானம் முதல்முறையாகப் பறந்தது. வாட் நிறுவனம் அமெரிக்கக் கடற்படைக்காகக் கட்டியது. அதற்கு இறக்கை என்று தனியாக எதுவும் கிடையாது. உடம்பே ஒரு வட்டத் தட்டு. தட்டின் முன்பக்க ஓரங்களில், பக்கத்துக்கு ஒன்றாக, ஐந்து மீட்டர் அகலத்தில் இரண்டு பெரிய ப்ரொப்பல்லர்கள். பறக்கும் பான்கேக் என்று அங்கே பெயர் வைத்தார்கள். நம் கண்ணுக்கு ஊத்தப்பம் மாதிரி இருக்கும்.

இதன் படத்தைப் பார்த்து "இதெல்லாம் பறக்குமா?" என்று கேட்பவர்கள் செய்வதுதான் முதல் தவறு. சந்தேகம் வருவதில் தப்பே இல்லை. நுனிக்கு நுனி அகலம் குறைந்த இறக்கையில், அடியில் அழுத்தம் கூடிய காற்று ஓரத்தைச் சுற்றி மேலே நழுவிவிடும். அங்கே சுழல் உண்டாகி விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். வடிவமைத்த சார்ல்ஸ் ஸிம்மர்மனுக்கும் இது தெரியும். அதனால்தான் அந்தச் சுழலுக்கு எதிர்த்திசையில் சுற்றும்படி ப்ரொப்பல்லர்களை ஓரத்திலேயே கொண்டுபோய் வைத்தார். வெறும் 80 குதிரைத்திறன் இன்ஜின்கள் இரண்டை வைத்துக்கொண்டு அது சுமார் 130 மணி நேரம் வானில் இருந்தது.

ஆகவே வடிவத்தைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த வடிவத்தின் பழகிப்போன குறை எது, அதற்கு வடிவமைத்தவர் என்ன வழி செய்திருக்கிறார்? வழி ஏதாவது செய்திருந்தால் உங்கள் சந்தேகத்தை அந்த வழியின் மேல் வையுங்கள். ஒன்றுமே செய்யவில்லை என்றால் சந்தேகத்தை இரட்டிப்பாக்குங்கள். 1938-இல் பறந்த ஜெர்மனியின் பிவி 141-இல் இன்ஜின் ஒரு பக்கமும் ஆட்கள் உட்காரும் அறை இன்னொரு பக்கமும் இருந்தன. பார்க்கக் கோணல்தான். ஆனால் ப்ரொப்பல்லர் விமானத்தை ஒரு பக்கமாகத் திருப்பப் பார்க்கும் போக்கை ஈடுகட்டவும், உளவு பார்ப்பவருக்குத் தடையில்லாத பார்வை கிடைக்கவும் கணக்குப் போட்டுச் செய்த கோணல் அது. நன்றாகவே பறந்தது.

இதற்கு நேர் எதிரான தவறு இன்னும் அதிகம் நடக்கிறது. "அதுதான் பறந்துவிட்டதே, இனி என்ன?" என்பது. வி-173 பறந்ததை நம்பித்தான் அதே வடிவத்தில் எக்ஸ்எஃப்5யு என்ற கனமான போர் விமானத்தைக் கட்டினார்கள். அது முறையாக வானேறவே இல்லை. அதற்குள் ஜெட் விமானங்கள் வந்துவிட, 1947 மார்ச்சில் கடற்படை திட்டத்தைக் கைவிட்டது. அமெரிக்க விஞ்ஞானி சாமுவேல் லாங்லி 1896-இல் பறக்கவிட்ட ஆளில்லாத மாதிரிகள் அருமையாகப் பறந்தன. அதையே ஆள் ஏறும் அளவுக்குப் பெரிதாக்கினார். 1903 அக்டோபர் 7, டிசம்பர் 8 ஆகிய இரண்டு நாள்களிலும் அது போடோமாக் ஆற்றில் விழுந்தது. அளவை இரண்டு மடங்காக்கினால் இறக்கையின் பரப்பு நான்கு மடங்காகும், எடையோ எட்டு மடங்காகும். சின்ன மாதிரி பறக்கும் வீடியோவைக் காட்டி யாராவது பெரிய விமானத்துக்கு வாக்குக் கொடுத்தால் இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு, கணக்கே போடாமல் சண்டை போடுவது. 2020 ஆகஸ்டில் ஆட்டோ ஏவியேஷன் என்ற அமெரிக்க நிறுவனம் செலரா 500எல் விமானத்தை வெளியுலகுக்குக் காட்டியது. முட்டை போன்ற உடல், வாலில் ப்ரொப்பல்லர், ஆறு பயணிகள், சுமார் 500 குதிரைத்திறன் தரும் ஒரே டீசல் இன்ஜின். மணிக்கு 460 மைல் போகும் என்றார்கள். சறுக்கு விகிதம் 22, அதாவது இன்ஜின் இல்லாமலே ஒரு கிலோமீட்டர் இறங்குவதற்குள் 22 கிலோமீட்டர் முன்னே போகும் என்றார்கள். ஒரு கூட்டம் விமானத் துறையே மாறப்போகிறது என்றது. இன்னொரு கூட்டம் மோசடி என்றது.

ஒரு காகிதம் போதும். 460 மைல் என்பது வினாடிக்குச் சுமார் 205 மீட்டர். 500 குதிரைத்திறன் என்பது 373 கிலோவாட். ப்ரொப்பல்லர் அதில் 85 சதவீதத்தைப் பயனாக்கும் என்று தாராளமாக வைத்துக்கொண்டால் 317 கிலோவாட் கையில் நிற்கும். அதை வேகத்தால் வகுத்தால் சுமார் 1,540 நியூட்டன் வரும். காற்றின் மொத்த இழுவிசையும் இதற்குள் அடங்க வேண்டும். சறுக்கு விகிதம் 22 என்பது உண்மையானால், தூக்குவிசை இழுவிசையைப் போல 22 மடங்கு இருக்கும்; அதாவது இந்த இழுவிசையோடு சுமார் 3.5 டன் எடையைத் தாங்க முடியும். ஆறு பேருக்கான விமானத்துக்கு இது நடக்கக்கூடிய எடைதான். ஆக, முடியவே முடியாது என்று எழுதியவர்கள் அவசரப்பட்டார்கள்.

ஆனால் அந்த 22 எல்லா வேகத்திலும் கிடைக்காது. தரைக்கு அருகே அடர்ந்த காற்றில், மெதுவான ஒரு வேகத்தில்தான் கிடைக்கும். 460 மைலில் அதே விகிதம் வேண்டுமென்றால் காற்று மெலிந்த உயரத்துக்கு ஏற வேண்டும். 15 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. இறக்கைக்கு அது நல்லது, பிஸ்டன் இன்ஜினுக்கு மூச்சுத் திணறல். முழுத் திறனும் அங்கே வேண்டுமென்றால் டர்போசார்ஜர் அந்த மெல்லிய காற்றை அழுத்தித் தர வேண்டும். அழுத்தினால் காற்று சூடாகும். அதைக் குளிர்விக்கப் பெரிய குளிர்விப்பான் வேண்டும். அதுவே புதிதாக இழுவிசையைக் கூட்டும். இது போக, உடல்மேல் காற்று குலையாமல் வழுக்கி ஓடினால்தான் அந்த 22 வரும். ஒட்டிய பூச்சி, ஒரு மூட்டு, கொஞ்சம் தூசி போதும், அந்த ஓட்டம் கலைந்துவிடும்.

நிறுவனம் அறிவித்த சோதனைப் பறப்புகள் 15,000 அடி (சுமார் நாலரை கிலோமீட்டர்) உயரத்தையும் 250 மைல் அளவு வேகத்தையும்தான் தொட்டன. அதாவது கேள்வி எங்கே இருக்கிறதோ அந்த உயரத்துக்கே விமானம் போகவில்லை. பிற்பாடு அந்த நிறுவனமே ஜெட் இன்ஜின் கொண்ட வேறு வடிவமைப்புக்கு மாறியது. முட்டை வடிவத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக வாதாடியவர்கள் டர்போசார்ஜரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது.

நல்ல வானிலையில் பறந்ததை வைத்தே தீர்ப்புச் சொல்வதும் தவறு. அமெரிக்க விமான வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டானின் வேரி-ஈஸி விமானம் 1975-இல் பறந்தது. சிறிய இறக்கை மூக்குப் பக்கம், பெரிய இறக்கை பின்னால். முன்னிறக்கை விமானம் ஆபத்தா இல்லையா என்று பெரிய விவாதமே நடந்தது. உண்மையான சிக்கல் அந்த விவாதத்தில் வராத இடத்திலிருந்து வந்தது: மழை. முன்னிறக்கையின் குறுக்குவெட்டு வடிவம் ஈரம் பட்டால் தூக்குவிசையை இழந்தது, மூக்கு கீழே சாய்ந்தது. சமாளிக்கக்கூடியதுதான், ஆனால் தெரியாமல் மழைக்குள் நுழையும் விமானிக்கு அந்தக் கணம் எப்படி இருந்திருக்கும்! மழைக்கு அசையாத வேறு குறுக்குவெட்டைப் பின்னர் உருவாக்கினார்கள்.

அப்புறம், "ரைட் சகோதரர்களைப் பார்த்தும்தான் சிரித்தார்கள்" என்ற வாதம். அவர்கள் 1901-இல் தாங்களே காற்றுச் சுரங்கம் செய்து சுமார் 200 இறக்கை வடிவங்களை அளந்தவர்கள். அளந்த பட்டியலைக் காட்டுபவரோடு மட்டும் அவர்களை ஒப்பிடுங்கள்.

உற்பத்திக்கு வராததாலேயே ஒரு சோதனை விமானத்தைத் தோல்வி என்பது அநியாயம். நாசாவின் ஏடி-1 விமானம் 1979 முதல் 1982 வரை 79 முறை பறந்தது. ஒரே நீள இறக்கை, நடுவில் அச்சு. பறந்துகொண்டே கத்தரிக்கோல் போல 60 பாகை வரை திருப்பலாம். 45 பாகைக்கு மேல் திருப்பினால் விமானி கட்டுப்படுத்தச் சிரமப்படுகிறார் என்பது தெரிந்தது, அதை நாசா எழுதியும் வைத்தது. கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தது. அதற்காகத்தான் அதைக் கட்டினார்கள்.

சோதனை விமானத்தை விற்பனைப் பொருள் என்று நினைத்துப் பணம் கட்டுவது வேறு விஷயம். பிடி-5 என்ற குட்டி விமானம் 1971-இல் பறந்தது. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. வீட்டில் கட்டிக்கொள்ளும் தொகுப்புக்காக ஆயிரக்கணக்கானவர்கள் பணம் கட்டினார்கள். உடல் பாகங்கள் வந்தன, இன்ஜின் வரவில்லை. முதலில் தேர்ந்தெடுத்த இன்ஜின் சரிப்படவில்லை, அடுத்ததைத் தயாரித்த ஹிர்த் நிறுவனம் நொடித்துப்போனது. 1979-இல் பிடி-5 நிறுவனமும் திவாலானது. அதன் தலைவர் ஜிம் பீடி, பத்தாண்டுகளுக்கு விமானத்துக்கென்று முன்பணம் வாங்குவதில்லை என்று அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பணம் கட்டியவர்களில் பலர் அந்த வடிவம் பறக்குமா என்று விசாரித்திருப்பார்கள். அது பறந்தது. இன்ஜின் யார் தருகிறார்கள், இப்போது கையில் இருக்கிறதா, எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும்.