நெஞ்செரிவு மாத்திரையும் அமினோ பவுடரும்: ஒரு நாளில் எப்படிப் பிரித்து எடுப்பது?

திருகோணமலையில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். பின்னேரம் டச்பே பக்கம் ஓடிவிட்டும் ஜிம் முடித்துவிட்டும் வருகிற தம்பிமார் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "அக்கா, ஒமெப்ரசோல் ஒரு காட் தாங்க. நான் அமினோவும் குடிக்கிறனான், ரெண்டையும் சேர்த்து எடுக்கலாமா?"

ஒமெப்ரசோல் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் நெஞ்செரிவு மருந்து. அமினோ என்பது புரதத்தின் சின்னத் துண்டுகளான அமினோ அமிலங்கள் உள்ள பவுடர், தண்ணீரில் கலந்து குடிப்பார்கள். வேறு நோயோ வேறு மருந்தோ இல்லாதவர்கள் இரண்டையும் பெரும்பாலும் எடுக்கலாம். ஆனால் நேரம் பிரித்து எடுக்க வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலில் டப்பாவின் பின்பக்கத்தை வாசியுங்கள்

லியூசின், ஐசோலியூசின், வாலின் என்ற மூன்று அமினோ அமிலங்களும் இருந்தால் அது பிசிஏஏ (BCAA) என்று விற்கிற வகை. அதைக் குடித்து நெஞ்சு எரிந்தால் கூடவே கலந்திருப்பதையும் பாருங்கள். எலுமிச்சை, பச்சை அப்பிள் சுவைப் பவுடர்களில் புளிப்புக்காக சிட்ரிக் அமிலம் போடுவார்கள். உடற்பயிற்சிக்கு முன் குடிக்கும் வகைகளில் கஃபீன் இருக்கும். ஏற்கெனவே புளியேப்பம் வருகிறவருக்கு இரண்டுமே ஆகாது. சுவை சேர்க்காத பவுடராகத் தேடி வாங்குங்கள்.

ஆர்ஜினைன் என்று இருந்தால் கவனம். அது இரத்த அழுத்தத்தைக் குறைக்கக்கூடியது. பிரஷர் மாத்திரையோ நெஞ்சுவலிக்கு நைட்ரேட்டோ எடுப்பவர்கள் டொக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. மன அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்களுக்கு டிரிப்டோபான் உள்ள பவுடரும் அப்படித்தான்.

காலையில் மாத்திரை முதலில்

ஒமெப்ரசோல் கப்சூலுக்குள் கடுகைவிடச் சின்ன மணிகள் நிறைய இருக்கும். ஒவ்வொரு மணிக்கும் ஒரு பூச்சு உண்டு. அது வயிற்று அமிலத்தில் கரையாமல் தாண்டிப் போய்ச் சிறுகுடலில்தான் கரையும். மென்றால் பூச்சு உடைந்து, மருந்து வயிற்றிலேயே கெட்டுவிடும். ஒரு தம்பி கப்சூலைத் திறந்து ஷேக்கரில் கொட்டிக் குலுக்கிக் குடித்துவிட்டு, "மருந்து வேலை செய்யுதில்லை" என்று என்னிடம் வந்து நின்றார். முழுதாக, தண்ணீரோடு விழுங்குங்கள்.

வெறும் வயிற்றில் எடுத்து, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிட வேண்டும். இந்த மருந்து அமிலம் சுரக்கும் பம்புகளைப் பூட்டுகிறது. அந்தப் பம்புகள் விழித்துக்கொள்வது சாப்பாடு வரும்போதுதான். ஆறரைக்கு மாத்திரை போட்டால், ஏழேகாலுக்குப் புட்டோ இடியப்பமோ சாப்பிடும் நேரத்தில் மருந்து இரத்தத்தில் தயாராக இருக்கும்.

பவுடர் சாப்பாட்டுக்குப் பிறகு

அமினோ அமிலங்கள் தாமே வயிற்றைத் தட்டி, அமிலம் சுரக்கச் சொல்லக்கூடியவை. அதனால் விடியவே வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள். பின்னேரம் பயிற்சி என்றால், நாலரைக்கு ஒரு வாழைப்பழம் சாப்பிட்டு, ஐந்து மணியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். முதல் வாரம் அரைக் கரண்டி போதும், அதையும் அரை லீற்றர் தண்ணீரில் கலக்குங்கள். குடித்தவுடன் படுக்காதீர்கள். படுக்கைக்கும் கடைசிச் சாப்பாட்டுக்கும் இடையில் மூன்று மணி நேரமாவது இருக்கட்டும்.

அமிலம் குறைந்தால் பவுடர் உடம்பில் சேராதே என்று சிலர் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். தேவையில்லை. இந்த அமினோ அமிலங்கள் ஏற்கெனவே உடைந்த நிலையில் இருக்கின்றன, உறிஞ்சப்படுவதும் சிறுகுடலில்தான்.

எரிவு நிற்கவில்லையென்றால்

பவுடரை ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள். எரிவு அடங்கினால் காரணம் அந்த டப்பாவில் இருக்கிறது. மாதக்கணக்கில் எடுத்த ஒமெப்ரசோலை மட்டும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள், அமிலம் முன்னைவிடக் கூடுதலாகச் சுரக்கலாம். இரண்டு கிழமைக்கு மேல் மாத்திரை தேவைப்பட்டால் டொக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீண்ட நாள் இந்த மாத்திரை எடுப்பவர்களுக்கு மக்னீசியமும் பி12 விற்றமினும் குறையலாம். மக்னீசியம் குறைந்தால் கால் தசை பிடித்து இழுக்கும். அதைத் தசைக்குச் சத்துப் போதவில்லை என்று நினைத்து இன்னொரு டப்பா அமினோ வாங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும். அந்தக் காசில் ஒரு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் டொக்டர் சொல்லாமல் பவுடர் வேண்டாம். நமது மாவட்டத்திலேயே பதவிசிறிபுர பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் எத்தனை குடும்பங்களைப் பாதித்திருக்கிறது என்பது தெரியும்தானே. தொடங்கும் முன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை பார்த்துவிடுவது நல்லது.

விழுங்கும்போது சாப்பாடு சிக்கினால், மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனால், காரணமில்லாமல் எடை குறைந்தால், பவுடரையும் மாத்திரையையும் மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நெஞ்சில் பாரம் ஏறி, வியர்த்து, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் அதை நெஞ்செரிவு என்று நினைத்துப் படுத்திருக்க வேண்டாம். 1990ஐ அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.